லேசர் வாங்குவதற்கு முன்னால் உங்கள் டையையும் ஜிக்கையும் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: சென்னைப் பக்கம் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் உங்களுக்கு ஒரு பிரஸ் ஷாப், அதாவது தகட்டை அச்சில் அடித்துப் பார்ட் செய்யும் பட்டறை; கார் சீட்டுக்கான பிராக்கெட், சைடு மெம்பர் (பக்கச் சட்டம்) போன்ற ஜாப்களை ஸ்பாட் வெல்டிங்கிலும், ஒயரை உருக்கி ஒட்டும் சிஓ2 வெல்டிங்கிலும் செய்து கொடுக்கிறீர்கள். சீட் தயாரிக்கும் கஸ்டமர் அடுத்த மாடலுக்கு லேசர் வெல்டிங் வேண்டும் என்கிறார். எத்தனை கிலோவாட் வாங்குவது, கையில் பிடித்து அடிக்கிற மெஷின் போதுமா, ரோபோதான் வேண்டுமா, ஸ்பாட்டைவிட இது உண்மையிலேயே உசத்திதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கிலோவாட் கணக்கை அப்புறம் பார்க்கலாம். உங்கள் பட்டியலில் லேசர் கடைசியாக வர வேண்டிய பொருள். அதற்கு முன்னால், வெல்டிங் ஆகும் இடத்தில் இரண்டு தகடும் கிளாம்ப் போட்ட பிறகு எவ்வளவு சந்து விட்டு உட்காருகின்றன என்று ஃபீலர் கேஜ் (சந்தை அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு பார்ட்டில் இல்லை, ஒரு ஷிப்ட்டில் அடித்த பார்ட்களில், காலையில் அடித்தது, மத்தியானம் அடித்தது, காயில் (தகட்டுச் சுருள்) மாறிய பிறகு அடித்தது என்று எல்லாவற்றிலும். அந்த எண் தெரியாமல் லேசர் வாங்கினால் மெஷின் நன்றாகத்தான் ஓடும், ரிஜெக்‌ஷன் தொட்டிதான் நிரம்பும்.

காரணம் எளிது. ஸ்பாட் வெல்டிங் துப்பாக்கி தகடுகளை இருபுறமும் இருநூறு முந்நூறு கிலோ விசையில் நெரிக்கிறது. பார்ட் கொஞ்சம் வளைந்திருந்தாலும் எலெக்ட்ரோடு அதை அமுக்கி ஒட்ட வைத்துவிட்டுத்தான் கரண்டை விடும். சிஓ2 வெல்டிங்கில் ஒயர் உள்ளே போகிறது, ஒரு மில்லிமீட்டர் சந்து இருந்தாலும் நல்ல வெல்டர் கையை ஆட்டி நிரப்பி விடுவார். லேசர் இந்த இரண்டையும் செய்யாது. அது வெறும் வெளிச்சம், தகட்டை அமுக்காது, ஒயர் இல்லாமல் அடித்தால் சந்தை நிரப்பவும் அதனிடம் எதுவும் இல்லை. அடிக்கிற புள்ளியின் அகலம் 0.2 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை. பட் ஜாயின்ட் என்றால், அதாவது விளிம்போடு விளிம்பு சேர்ப்பது, சந்து தகட்டின் தடிமனில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 1 மில்லிமீட்டர் தகட்டுக்கு 0.1 மில்லிமீட்டர். உங்கள் கட்டிங் டையில் (வெட்டும் அச்சில்) விழும் பர், அதாவது வெட்டு விளிம்பில் எழும் பிசிறே, சில சமயம் அதைவிட உயரமாக இருக்கும்.

ஆக இத்தனை நாள் ஸ்பாட் துப்பாக்கியும் வெல்டரின் கையும் உங்கள் பிரஸ் ஷாப்பின் குறைகளை மறைத்துக்கொண்டிருந்தன. லேசர் மறைக்காது.

அப்படியானால் கார் கம்பெனிகள் ஏன் அதன் பின்னால் போகின்றன என்று கேட்பீர்கள். அதற்கு உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 4 கிலோவாட் லேசரை 0.6 மில்லிமீட்டர் புள்ளியில் குவித்தால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 14 லட்சம் வாட் விழுகிறது. ஏறத்தாழ 10 லட்சத்தைத் தாண்டினால் இரும்பு உருகுவதோடு நிற்பதில்லை, அந்த இடத்தில் கொதித்து ஆவியாகி, அந்த ஆவியின் அழுத்தத்திலேயே உருகிய உலோகத்தை ஒதுக்கித் தள்ளி, ஊசி நுழைந்தாற்போல ஒரு குழி விழுகிறது. இதைக் கீஹோல் என்பார்கள். வெளிச்சம் அந்தக் குழிக்குள் போய்ச் சுவரில் மோதி மோதி உள்ளேயே சிக்கிக்கொள்வதால் பெரும்பாலான சக்தி தகட்டுக்குள் இறங்கிவிடுகிறது. குழி முன்னால் நகர நகரப் பின்னால் உருகியது மூடிக்கொண்டு இறுகுகிறது. அதனால்தான் லேசர் வெல்ட்டை வெட்டிப் பார்த்தால் அகலம் குறைவாகவும் ஆழம் அதிகமாகவும் இருக்கும். சுற்றியுள்ள இடம் அதிகம் சூடாவதில்லை, பார்ட் முறுக்கிக்கொள்வதும் குறைவு.

சீட்டுக்கு இது முக்கியம். சீட்டைச் சாய்க்கும் ரிக்ளைனர் ஒரு துல்லியமான பல்சக்கர மெக்கானிசம். அதை சைடு மெம்பரோடு சேர்க்கும்போது சூடு அதிகம் ஏறினால் உள்ளே பல் இறுகி, சீட் கரகரவென்று சாயும், இல்லை சாயவே சாயாது. லேசரில் அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையமாக வெல்ட் அடித்தால் மெக்கானிசத்துக்குச் சூடு போவதற்குள் வேலை முடிந்துவிடும். உங்கள் கஸ்டமர் லேசர் கேட்பதற்கு இந்த மாதிரிக் காரணம் ஏதாவது இருக்கிறதா, அல்லது மேலிடத்து டிராயிங்கில் எழுதியிருப்பதை அப்படியே உங்களிடம் தள்ளுகிறாரா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவதாக இருந்தால், சில ஜாயின்ட்களை ஸ்பாட்டிலேயே விட்டுவிடலாமா என்று பேசிப் பார்க்க இடம் உண்டு.

பாடியில் வேறு கணக்கு. பொதுவாக ஒரு காரின் பாடியில் 3000 முதல் 5000 ஸ்பாட் வரை விழுகின்றன. ஸ்பாட் துப்பாக்கிக்கு இரண்டு பக்கமும் கை நுழைய வேண்டும், எலெக்ட்ரோடு உட்கார ஓரத்தில் பதினைந்து மில்லிமீட்டர் அளவுக்குத் தகடு வேண்டும். லேசருக்கு ஒரு பக்கம் போதும், ஓரத்தையும் பாதியாகக் குறைக்கலாம். ஓரம் குறைந்தால் எடை குறையும், கதவுக் கண்ணாடியைச் சுற்றியுள்ள சட்டம் மெலிதாகும், டிரைவருக்குப் பார்வை கூடும். ஃபோக்ஸ்வாகன் ஐந்தாம் தலைமுறை கோல்ஃபில் சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு லேசர் அடித்தார்கள் என்று அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. ஆனாலும் ஸ்பாட் ஒழிந்துவிடவில்லை, ஒழியப்போவதும் இல்லை. அது மலிவு, சந்து இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும், பழுதானால் நம்ம ஊர் ஆளே சரிசெய்துவிடுவார்.

காரில் லேசரின் முதல் பெரிய வெற்றி பாடி ஷாப்பில் வரவில்லை, பிரஸ்ஸுக்கு முன்னால் வந்தது. டெய்லர்டு பிளாங்க் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். தடிமன் வேறு வேறான தகடுகளை விளிம்போடு விளிம்பு வைத்து லேசரில் சேர்த்து, அதற்கு அப்புறம்தான் பிரஸ்ஸில் அடிப்பார்கள். கதவின் உள் தகட்டில் கீல் வரும் பக்கம் மட்டும் தடிமனாகவும் மீதி மெலிதாகவும் இருக்கும். தனியாக ஒரு வலுவூட்டும் தகட்டை ஸ்பாட் அடிக்க வேண்டியதில்லை. 1985-இல் ஜெர்மனியின் தைசன் நிறுவனம் ஆடி 100 காரின் அடித்தளத் தகட்டுக்கு இப்படிச் செய்தது. தேவையான அகலத்தில் துத்தநாகம் பூசிய தகடு அன்றைக்குக் கிடைக்கவில்லை, அதனால் இரண்டைச் சேர்த்தார்கள். ஒரு தட்டுப்பாட்டுக்குச் செய்த ஏற்பாடு இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற தொழில். இதிலும் விஷயம் விளிம்பில்தான் இருக்கிறது. பிளாங்க் லைனில் வெட்டு விளிம்பு நேராக வருவதற்குச் செலவழிக்கிற கவனத்தைப் பார்த்தால் லேசர் அங்கே சும்மா ஓரமாக நிற்கிற மாதிரி இருக்கும்.

லேசர் வகை பற்றி நீண்ட பாடம் வேண்டாம், ஆனால் பழைய மெஷினை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் தெரிந்திருக்க வேண்டும். 1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரைச் செய்தார். நான்கு வருடம் கழித்து, 1964-இல், அமெரிக்காவின் பெல் லேப்ஸில் கார்பன் டை ஆக்சைடு லேசரைக் கொண்டுவந்தவர் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல். பல வருடம் வெல்டிங்குக்கு அதுதான் ராஜா. ஆனால் அதன் அலைநீளம் 10.6 மைக்ரான், சாதாரண கண்ணாடி இழைக்குள் போகாது, முகம் பார்க்கிற மாதிரிக் கண்ணாடிகளை வைத்துத் திருப்பித் திருப்பித்தான் கொண்டுபோக வேண்டும், ரோபோ கையில் மாட்டுவது பெரும்பாடு. அடுத்து வந்த, விளக்கொளியால் ஒரு படிகத்தைத் தூண்டும் யாக் லேசர் 1 மைக்ரான் பக்கம், இழைக்குள் போகும், ஆனால் இழுக்கிற கரண்டில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்குதான் வெளிச்சமாக வரும், மீதியெல்லாம் சூடாகி, தண்ணீரால் குளிர வைக்கும் சில்லர் தலையில். இப்போது விற்கும் ஃபைபர் லேசர், டிஸ்க் லேசர் இரண்டும் அதே 1 மைக்ரான் அலைநீளம், இழையில் ஓடும், கரண்டில் முப்பது சதவீதம் வரையோ அதற்கு மேலோ வெளிச்சமாகிறது. ஆகவே பழைய மெஷின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

சரி, இப்போது துத்தநாகம். நீங்கள் அடிக்கும் பார்ட் கால்வனைஸ்டு தகடா, பூச்சில்லாததா என்று கேள்வியில் சொல்லவில்லை. சீட் ஃபிரேம் பெரும்பாலும் பூச்சில்லாத தகட்டில் செய்து அப்புறம் பெயின்ட்டுக்குப் போகும், அப்படியென்றால் பிழைத்தீர்கள். பூசிய தகடு என்றால் இதைக் கவனமாகப் படியுங்கள்.

துத்தநாகம் 907 டிகிரியில் கொதிக்கும். இரும்பு உருகுவதே சுமார் 1500 டிகிரியில். இரண்டு பூசிய தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று இறுக்கி வைத்து மேலிருந்து லேசர் அடித்தால், நடுவில் மாட்டிய துத்தநாகம் இரும்பு உருகுவதற்கு முன்பே ஆவியாகிவிடும். வெளியேற வழி இல்லை. விசில் அடைத்துக்கொண்ட குக்கர் மாதிரி, கிடைத்த இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும், கிடைத்த இடம் என்பது உருகிய வெல்ட்தான். மேலே பார்த்தால் வெல்ட் வரி முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள், சுற்றிலும் ஒட்டிக்கொண்ட துளிகள், லேசர் தலையின் காப்புக் கண்ணாடியிலும் துளித் துளியாகக் கறை. அந்தக் கறை லேசரை உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்கும், ஃபோகஸ் நகரும், அடுத்த பார்ட் இன்னும் மோசமாகும்.

தீர்வு என்னவென்றால் வேண்டுமென்றே சந்து விடுவது. 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் சந்து இருந்தால் ஆவி பக்கவாட்டில் போய்விடும். இங்கேதான் கஷ்டம் தொடங்குகிறது. சந்து இல்லாவிட்டால் வெடிக்கும். 0.3 தாண்டினால் மேல் தகடு உருகிச் சந்துக்குள் இறங்கி, வெல்ட் மேலே குழிந்து மெலிந்துபோகும், இன்னும் கூடினால் ஒட்டவே ஒட்டாது. ஆக உங்களுக்குக் கிடைக்கிற இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு. ஒவ்வொரு பார்ட்டிலும், ஒவ்வொரு வெல்ட்டிலும், டை தேய்ந்த பிறகும் அதற்குள் நிற்க வேண்டும். சில பெரிய லைன்களில் முதலில் குறைந்த சக்தியில் லேசரைச் சட்டென்று தட்டி 0.15 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேடுகளை எழுப்பி, அந்த மேட்டின்மேல் அடுத்த தகட்டை வைத்து அடிப்பார்கள். உங்களிடம் பிரஸ் இருக்கிறது, டையிலேயே சின்ன எம்பாஸ் (புடைப்பு) போட்டுக்கொள்ளலாம், செலவில்லாத வழி. இல்லையென்றால் ஜாயின்ட்டையே மாற்றி, மேல் தகட்டின் ஓரமும் கீழ்த் தகடும் சேரும் மூலையில் ஃபில்லட்டாக அடிக்கலாமா என்று கஸ்டமரிடம் கேளுங்கள், ஆவி தானாகவே வெளியே போய்விடும், சந்து உள்ளே ஒளிந்துகொள்ளாமல் கண்ணுக்கும் தெரியும்.

கார்க் கூரைக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவில் சில கார்களில் ரப்பர் பட்டையே இல்லாமல் வழவழவென்று ஒரு கோடு மட்டும் தெரியும், பெயின்ட் அடித்தபின் கையால் தடவினாலும் தட்டுப்படாது. அது லேசர் பிரேசிங். செம்பும் சிலிக்கானும் கலந்த ஒயரை 1000 டிகிரி பக்கத்தில் உருக்கி ஊற்றுகிறார்கள், இரும்பு உருகுவதில்லை, பூச்சும் அதிகம் கெடுவதில்லை. அழகான வேலை, உங்கள் ஜாப்புக்குத் தேவையில்லை.

எண்ணெயையும் மறந்துவிட வேண்டாம். பிரஸ்ஸில் அடித்த பார்ட்டில் எண்ணெய் இருக்கும், ஸ்பாட்டுக்கு அது பெரிய பொருட்டல்ல. லேசருக்கு எண்ணெய் ஆவியாகி வெல்ட்டுக்குள் துளையாக நிற்கும். பார்ட்களைக் கழுவ வாஷிங் மெஷின் ஒன்று கணக்கில் வரும்.

கையில் பிடிக்கும் மெஷின் பற்றிக் கேட்டீர்கள். அம்பத்தூரிலும் கிண்டியிலும் இப்போது தடுக்கி விழுந்தால் ஒருவர் 1.5 கிலோவாட் கை லேசரை டெமோ காட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட், ஹோட்டல் கிச்சன் மேஜை, டக்ட் வேலைக்கு அருமையான சாமான், டிக் வெல்டிங்கில் அரை நாள் ஆகிற வேலை சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் முடிந்துவிடும், பாலிஷ் வேலையும் மிச்சம். கார் சீட்டுக்கு வேண்டாம். லேசரில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது சக்தியையும் ஓடும் வேகத்தையும் பொறுத்தது. கை ஒரே வேகத்தில் ஓடாது. காலை பத்து மணிக்கு இருக்கிற கை மாலை ஐந்து மணிக்கு இருக்காது. ஆபத்து நேரத்தில் ஒரு ஆளின் எடையைத் தாங்க வேண்டிய ஜாயின்ட்டை அப்படிச் செய்து கொடுத்தால் கஸ்டமரின் ஆடிட்டர் முதல் நாளே லைனை நிறுத்தச் சொல்வார், சொல்லவும் வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் கண். இந்த மெஷின்கள் எல்லாம் கிளாஸ் 4, லேசரில் மிக ஆபத்தான வகுப்பு. 1 மைக்ரான் வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணின் லென்ஸ் அதை நேராக விழித்திரையில் குவித்துவிடும். தெரியாத வெளிச்சம் என்பதால் கண் தானாக மூடிக்கொள்ளாது, வலியும் இருக்காது. அலுமினியத்திலோ ஸ்டெயின்லெஸ்ஸிலோ பட்டுத் தெறிக்கிற கதிர் அடுத்த மேஜையில் டிரில் போட்டுக்கொண்டிருப்பவரின் கண்ணுக்குப் போகும், அவருக்கு லேசர் ஓடுவதே தெரிந்திருக்காது. சாதாரண ஆர்க் வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை இதற்கு நம்பக்கூடாது. அந்த அலைநீளத்துக்கு, 1070 அல்லது 1080 நானோமீட்டர் என்று எழுதி, தடுப்பு அளவும் அச்சிட்ட லேசர் கண்ணாடிதான் போட வேண்டும், அதுவும் அந்த இடத்துக்குள் நிற்கும் எல்லோரும். நான் பார்த்த ஒரு ஷெட்டில் துப்பாக்கி முனை ஜாப்பைத் தொட்டால்தான் லேசர் வரும் என்று வைத்திருக்கும் காப்பு இணைப்பை ஒரு துண்டு ஒயரால் நேராகச் சேர்த்துவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்கள், கதவு திறந்திருக்கிறது, வெளியே டீ கொண்டுவந்த பையன் நின்று வேடிக்கை பார்க்கிறான். எந்த மெஷின் வாங்கினாலும் சரி, மூடிய அறை, கதவு திறந்தால் லேசர் நிற்கும் இன்டர்லாக், இரண்டும் இல்லாமல் வாங்காதீர்கள். அறைக்கான செலவை மெஷின் கொட்டேஷனிலேயே சேர்க்கச் சொல்லுங்கள், தனியாக அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த அப்புறம் வராது.

நம்ம ஊருக்கே உரிய தலைவலி ஒன்று: ஈரம். ஜெர்மனியில் எழுதிய மேனுவலில் சில்லர் தண்ணீர் 22 டிகிரி என்று இருக்கும். சென்னையில் 32 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்பது அசாதாரணமான நாளே இல்லை, அந்த நிலையில் 27 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பிலும் தண்ணீர் கோத்துவிடும். சில்லர் குழாயில் சொட்டுச் சொட்டாக வியர்த்திருப்பதை எல்லா ஷாப்பிலும் பார்க்கலாம், அது பரவாயில்லை. அதே வியர்வை லேசர் கேபினட்டுக்குள் டயோடு மேலும் ஆப்டிக்ஸ் மேலும் கோத்தால் அதற்குப் பிறகு வரும் பில்லைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். வாரன்டியில் கண்டென்சேஷன் என்று எழுதி ஒதுக்கிவிடுவார்கள். லேசரை உண்டாக்கும் பெட்டியான சோர்ஸை ஏசி அறைக்குள் வையுங்கள். காலையில் முதலில் ஏசியைப் போட்டு அறை காய்ந்த பிறகு சில்லர், அப்புறம் லேசர். சாயங்காலம் லேசரை நிறுத்தினால் சில்லரையும் நிறுத்த வேண்டும், குளிர்ந்த தண்ணீர் ராத்திரி முழுக்க உள்ளே ஓடக்கூடாது. கேபினட் கதவைத் திறந்து வைத்துப் பார்க்கிற பழக்கம் மெயின்டனன்ஸ் ஆட்களுக்கு உண்டு, அதைத் தடுங்கள். கரண்ட் போய் ஜெனரேட்டருக்கு மாறும் நேரத்தில் ஏசி நின்று சில்லர் மட்டும் உடனே எழுந்துகொள்ளாதபடி எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி வரிசையை அமைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் மெஷின் உங்களை அதிகம் தொந்தரவு செய்யாது.

இப்போது கிலோவாட். சீட் ஜாப்பில் 1 முதல் 3 மில்லிமீட்டர் தகடுகளுக்கு 3 அல்லது 4 கிலோவாட் சோர்ஸ் தாராளம். ரிமோட் ஸ்கேனர் தலை என்று ஒன்று காட்டுவார்கள்: ரோபோ அரை மீட்டர் தள்ளி நிற்கும், உள்ளே இரண்டு சின்னக் கண்ணாடிகள் திரும்பிக் கதிரை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் தாவ வைக்கும். 20 மில்லிமீட்டர் நீளத் தையல் 20 வேண்டும் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 4 மீட்டர் வேகத்தில் ஒரு தையலுக்கு 0.3 விநாடி, மொத்தம் 6 விநாடி, தாவும் நேரம் சேர்த்தாலும் பத்துக்குள். அதே எண்ணிக்கை ஸ்பாட் ஒன்றுக்கு இரண்டரை விநாடி வீதம் 50 விநாடி. கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால் உங்கள் ஆபரேட்டர் பார்ட்டை ஜிக்கில் (பார்ட்டைப் பிடித்து வைக்கும் சட்டத்தில்) வைத்துக் கிளாம்ப் போட்டு எடுக்க 30 விநாடி ஆகிறது என்றால் அந்த 30 விநாடியும் விலை உயர்ந்த லேசர் சும்மா நிற்கிறது. ஒரு நாளைக்கு 300 செட் என்றால் லேசர் உண்மையில் எரியும் நேரம் ஒரு மணி நேரம்கூட இல்லை. இரண்டு பக்கம் திரும்பும் மேஜை போட்டு, ஒரு பக்கம் லேசர் அடிக்கும்போது மறுபக்கம் பார்ட் மாற்றுவது குறைந்தபட்சம். அப்படியும் நாள் நிரம்பாவிட்டால் ஜாப் வொர்க் கொடுப்பது புத்திசாலித்தனம். பிரஸ் உங்களிடம், ஜிக் உங்கள் சொந்தம், லேசர் மட்டும் வேறொருவரிடம்.

பணத்தைப் பொறுத்தவரை ஒன்று சொல்வேன். சோர்ஸ் விலை இறங்கிவிட்டது என்று விற்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் ஜிக், ரோபோ, மூடிய அறை, புகை இழுக்கும் அமைப்பு, சில்லர், ஏசி, வாஷிங் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சோர்ஸ் அதில் ஒரு பங்குதான். பணம் குறைந்தால் வெட்டுவதற்கு எல்லோரும் முதலில் ஜிக்கில்தான் கை வைக்கிறார்கள், அங்கேதான் கை வைக்கக்கூடாது. வெல்ட் விழும் ஒவ்வொரு இடத்துக்குப் பக்கத்திலும் ஒரு கிளாம்ப் வேண்டும், கதிருக்கு வழி மறைக்காமல். அந்த ஜிக் டிசைன் செய்வது தனிக் கலை, ஸ்பாட் ஜிக்கை எடுத்து நாலு கிளாம்ப் கூட்டிவிட்டால் ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சோதனை முறையும் மாறும். ஸ்பாட்டில் உளியை விட்டுப் பிரித்து நக்கட் (உருகி ஒட்டிய பொட்டு) பெயர்ந்து வருகிறதா என்று பார்த்தால் ஆளுக்குத் திருப்தி. லேசரில் மேலே அழகான கோடு தெரியும், கீழே திருப்பினால் கீழ்த் தகட்டிலும் சூட்டுத் தடம் தெரியும், ஆனால் நடுவில் இரண்டும் ஒட்டாமலே இருக்கும். மேல் தகடு தனியாக உருகி இறுகியிருக்கும், கீழ்த் தகடும் தனியாக உருகி இறுகியிருக்கும், இடையில் முடி அளவு சந்து. கண்ணால் இதைக் கண்டுபிடிக்க முடியாது. குறுக்கே வெட்டி, எமரி தாளில் படிப்படியாகத் தேய்த்து, பாலிஷ் போட்டு, 2 சதவீத நைட்டலில் (நைட்ரிக் அமிலம் கலந்த ஆல்கஹால்) சில விநாடி வைத்துக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் அப்போது தெரியும்: நல்ல வெல்ட் என்றால் தகடுகள் சேரும் கோடு இருபுறமும் வந்து வெல்ட்டின் சாம்பல் நிறத் தூணில் முட்டி நின்றுவிடும். கெட்டது என்றால் அந்தக் கோடு தூணை ஊடுருவிக்கொண்டு மறுபக்கம் வரை போகும். சேர்கிற இடத்தில் வெல்ட்டின் அகலம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று டிராயிங்கில் போட்டிருப்பார்கள், மேலே தெரியும் அகலத்தை அளந்து ஏமாற வேண்டாம். துளை, குழிவு இவற்றுக்கெல்லாம் ஐஎஸ்ஓ 13919-1 என்ற தரத்தில் பி, சி, டி என்று மூன்று நிலைகள் உண்டு, எந்த நிலை என்று கஸ்டமரிடம் எழுத்தில் வாங்குங்கள். பி கேட்டால் விலையும் அதற்கேற்ப. ஆட்கள் பயிற்சிக்குத் திருச்சி பிஹெச்இஎல் நிறுவனத்தில் 1975 முதல் வெல்டிங் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, குவாலிட்டி ஆள் ஒருவரையாவது மெட்டலர்ஜி படிக்க அனுப்புங்கள்.

மின்சார வண்டி பக்கம் போகலாமா என்று கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். அது வேறு உலகம். பேட்டரியில் செம்பும் அலுமினியமும். அறை வெப்பநிலையில் செம்பு 1 மைக்ரான் வெளிச்சத்தில் சுமார் 95 சதவீதத்தைத் திருப்பி அடித்துவிடும், உருகத் தொடங்கியதும் சட்டென்று உறிஞ்ச ஆரம்பிக்கும், அந்த ஒரு நொடியில் துளிகள் தெறிக்கும். 450 நானோமீட்டர் நீல லேசரில் பாதிக்கு மேல் உறிஞ்சும் என்பதால் அதற்கு மவுசு. செம்பையும் அலுமினியத்தையும் ஒன்றாக உருக்கினால் நடுவில் கண்ணாடிபோல் நொறுங்கும் சேர்மங்கள் உண்டாகும், ஆழத்தை மிகக் கட்டுப்பாட்டோடு அடிக்க வேண்டும். சீட் ஜாப்பில் இரண்டு வருடம் கை பழகாமல் அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகவே அடுத்து செய்ய வேண்டியது டிரையல். மெஷின் விற்பவரின் லேபுக்கோ ஜாப் வொர்க் செய்பவரிடமோ பார்ட் எடுத்துப் போகும்போது எல்லோரும் புதிதாக டை கிரைண்ட் செய்தவுடன் அடித்த நல்ல பார்ட்டைத்தான் எடுத்துப் போவார்கள், ரிசல்ட் பிரமாதமாக வரும், மெஷினுக்கு பிஓ (ஆர்டர்) போட்டுவிடுவார்கள். நீங்கள் கிரைண்டிங்குக்குப் போவதற்கு முந்தின நாள் அடித்ததை எடுத்துப் போங்கள், பர் இருக்கட்டும், எண்ணெயைத் துடைக்க வேண்டாம். ஃபீலர் கேஜில் 0.1, 0.2, 0.3 என்று அளந்து வைத்து மூன்றிலும் அடிக்கச் சொல்லுங்கள், மூன்றையும் வெட்டி எடுத்த மேக்ரோ போட்டோவைக் கையெழுத்தோடு வாங்குங்கள். 0.2-இல் தேறி 0.3-இல் தோற்றால் உங்கள் டைக்கு எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்த போட்டோக்களைக் கஸ்டமரின் குவாலிட்டி ஆளுக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகு மெஷின் விலை பேசலாம்.